வழியில் மற்றவர்கள்

வேகத்தைப் பற்றி நம்மிடம் வார்த்தைகள் நிறைய இருக்கின்றன. எட்டுவதைப் பற்றி அவ்வளவு இல்லை. எட்டாக்கனி என்று ஒன்றைச் சொல்லி, அதையும் நரிக்குக் கொடுத்துவிட்டோம். ஆனால் நகரத்தில் வாழ்கிறவனுடைய கவலை முழுவதும் இதுதான்: இந்த வீட்டிலிருந்து கிளம்பினால் எந்த வேலைக்கு, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு, எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்தச் சிநேகிதன் வீட்டுக்கு என்னால் போய்ச் சேர முடியும்? 1959இல் வால்டர் ஹான்ஸன் என்ற அமெரிக்கத் திட்டமிடுபவர் இதற்கு ஒரு கணித உருவம் கொடுத்தார். ஓரிடத்தின் மதிப்பு அங்கிருந்து எத்தனை சந்தர்ப்பங்களை எட்ட முடிகிறது என்பதைப் பொறுத்தது. தூரம் கூடக் கூட அந்தச் சந்தர்ப்பத்தின் எடை குறைகிறது. அதற்குப் பிறகு நிபுணர்கள் ஊர் ஊராக வரைபடம் போட்டு, காரில் போனால் இவ்வளவு, பஸ்ஸிலும் ரயிலிலும் போனால் இவ்வளவு, சைக்கிளில் போனால் இவ்வளவு என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஒப்பீட்டுக்குள் ஒரு அறப் பிரச்னை ஒளிந்திருக்கிறது என்றும், அதை நிபுணர்களிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்றும் எனக்குப் படுவதால் இதை எழுதுகிறேன்.

ஒரு உத்தேசக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் என் அனுமானம். சென்னையின் காலை ஒன்பது மணியை அறிந்தவர்கள் பெரிதாக ஆட்சேபிக்க மாட்டார்கள். கையில் அரைமணி நேரம் இருக்கிறது. காரை வெளியே எடுக்கவும், போன இடத்தில் நிறுத்த இடம் தேடவும் 8 நிமிஷம் போகட்டும். மீதி 22 நிமிஷத்தில், மணிக்கு 20 கிலோமீட்டர் வீதம், 7 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போகலாம். சைக்கிளுக்குப் பூட்டுத் திறக்கப் பூட்ட 2 நிமிஷம். மணிக்கு 12 கிலோமீட்டர் என்றால் ஐந்தரைக்குக் கொஞ்சம் அதிகம். பஸ்ஸில் போகிறவனுக்கு நிறுத்தத்துக்கு நடக்க 5, காத்திருக்க 10, இறங்கி நடக்க 5. மிஞ்சிய 10 நிமிஷத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வீதம் இரண்டரை கிலோமீட்டர். ஏழு, ஐந்தரை, இரண்டரை என்று சொல்லும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவது. கார்காரன் எட்டுவது சுமார் 170 சதுர கிலோமீட்டர், சைக்கிள்காரன் 98, பஸ்ஸில் போகிறவன் 20கூட இல்லை. பஸ் வட்டமாகப் போவதில்லை, கோட்டில்தான் போகிறது என்பதைச் சேர்த்தால் அந்த 20உம் தாராளம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பஸ்ஸின் வேகத்தை மணிக்கு 20 கிலோமீட்டராக உயர்த்தினால் அந்த 20 சதுர கிலோமீட்டர் 35 ஆகிறது. வேகத்தைத் தொடாமல், காத்திருப்பை மட்டும் 10 நிமிஷத்திலிருந்து 4 நிமிஷமாகக் குறைத்தால் 50 ஆகிறது. காத்திருப்பை ஒரு மனநிலையாக வைத்து நாம் கவிதைகள் எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கணக்கில் அது நிலம்.

சரி, ஒப்பீடு முடிந்தது, கார்தான் ஜெயித்தது என்று எழுந்து போய்விடலாமா? நிபுணர்களில் பலர் இந்த இடத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். மூன்று வட்டங்களும், வரைந்த கணத்தில், உலகத்தில் வேறு ஆளே இல்லாததுபோல் வரையப்பட்டிருக்கின்றன. சாலையின் வேகம் ஒரு இயற்கைப் பொருள் மாதிரி, மழை அளவு மாதிரி, எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. காரின் மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதன் விளைவு. அவர்களில் பாதிப் பேர் நாளை கார் வாங்கினால் 170 சதுர கிலோமீட்டர் சுருங்கிவிடும். அதாவது காரின் வட்டம், மற்றவர்கள் அதே வட்டத்தைக் கேட்காதவரைதான் இருக்கிறது. காண்ட் 1785இல் வைத்த பரீட்சை, நான் செய்வதை எல்லோரும் செய்வதாக நினைத்துப் பார்க்கும்போது அந்தக் காரியமே தன்னைத் தானே அழித்துக்கொள்கிறதா என்பது. பொய் வாக்குறுதியை உதாரணமாகக் கொடுத்தார் அவர். எல்லோரும் பொய் வாக்குறுதி கொடுத்தால் வாக்குறுதி என்ற ஒன்றே இருக்காது. கோனிக்ஸ்பெர்கில் தினமும் நடக்கப் போன அந்த மனிதருக்கு காலை ஒன்பது மணி அண்ணா சாலை கிடைத்திருந்தால் இன்னும் நல்ல உதாரணமாக அமைந்திருக்கும்.

சாலையை அகலப்படுத்துவது, புதிதாகப் போடுவது என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். டீட்ரிஷ் பிரேஸ் என்ற ஜெர்மன் கணிதக்காரர் 1968இல் ஒரு விசித்திரத்தை நிரூபித்தார். ஒவ்வொருவனும் தனக்கு நல்ல வழியைத் தேர்ந்துகொள்ளும் நிலையில், புதிதாக ஒரு சாலையைச் சேர்ப்பதாலேயே எல்லோருடைய பயண நேரமும் கூடிவிடக்கூடும். எல்லாச் சாலையும் அப்படி என்று அவர் சொல்லவில்லை. ஆனால் தனித்தனி புத்திசாலித்தனங்களின் கூட்டல் எப்போதும் புத்திசாலித்தனமாக இருக்கும் என்ற, நம் காலத்தின் அடிப்படை விசுவாசத்துக்கு அது விழுந்த அடி. சென்னையில் ஜெமினி மேம்பாலம் 1973இல் வந்தது. அதற்குப் பின் எத்தனை மேம்பாலங்கள் என்று விரல் விட்டு எண்ணிவிட முடியாது.

பஸ்ஸுக்கு வந்தால் கதை தலைகீழ். ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளாதாரக்காரர் 1972இல் காட்டியது இது: ஒரு தடத்தில் ஏறுகிறவர்கள் அதிகமானால், அதற்கு ஈடாகப் பஸ்களைக் கூட்டும்போது, ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தவர்களுடைய காத்திருப்பு குறைகிறது. இன்னொருவன் வருவதால் எனக்கு லாபம். ஆக, இந்த மூன்று வாகனங்களும் மூன்று வேகங்கள் என்பதைவிட, பிறருடன் கொள்ளும் மூன்று உறவுகள் என்று பார்க்கத் தோன்றுகிறது. காரில் மற்றவன் என் வழியை மறிக்கிறவன். சைக்கிளில் அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பஸ்ஸில் அவன் இல்லாவிட்டால் என் பயணமே இல்லை.

இங்கே ஸார்த்தரோடு ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. 'இயங்கியல் பகுத்தறிவின் விமர்சனம்' 1960இல் வந்தது. அதில் பாரிஸில் ஸான் ஷெர்மான் சதுக்கத்தில் பஸ்ஸுக்காக நிற்கும் க்யூவை எடுத்துக்கொண்டு அவர் செய்யும் விசாரம் பிரசித்தமானது. அந்த க்யூவில் நிற்கிறவர்கள் சேர்ந்து நிற்கிறார்கள், ஆனால் சேர்ந்தவர்கள் இல்லை. ஒவ்வொருவனும் தன் தனிமைக்குள் இருக்கிறான். அவர்களை ஒன்றாக்குவது அவர்களுக்கு வெளியே இருக்கும் ஒரு வஸ்து, வரப்போகும் பஸ். இடங்கள் குறைவு. ஆகவே ஒவ்வொருவனும் மற்றவனுக்கு ஒரு அதிகப்படி ஆள். யார் முதலில் ஏறுவது என்பதை அவர்களுடைய குணமோ தேவையோ தீர்மானிப்பதில்லை. யந்திரத்திலிருந்து கிழித்துக்கொண்ட நம்பர் தீர்மானிக்கிறது. மனிதன் ஒரு வரிசை எண்ணாகிவிடுகிறான்.

இதைப் படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்ததற்குக் காரணம் தத்துவம் இல்லை, தொழில். வங்கியில் டோக்கன் கொடுத்து உட்காரவைத்து, நம்பர் சொல்லிக் கூப்பிடுகிற வர்க்கத்தைச் சேர்ந்தவன் நான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் ஸார்த்தர் சொல்வதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. ஆனால் அவருடைய க்யூவில் ஒரு பஸ்தான் வருகிறது. ஒரே ஒரு காலை, ஒரே ஒரு பஸ், இத்தனை இடம். அந்தக் கணத்தில் நிறுத்திப் பார்த்தால் எனக்கு முன்னால் நிற்கிறவன் என் இடத்தைத் தின்கிறவன்தான். கொஞ்சம் காலத்தை ஓடவிட்டால்? அந்தத் தடத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் வருவதே எனக்கு முன்னாலும் பின்னாலும் இத்தனை பேர் நிற்பதனால்தான். இன்றைய பஸ்ஸில் என் இடத்தைப் பறிக்கிறவன் நாளைய பஸ்ஸை அழைத்து வருகிறவன். இரண்டும் ஒரே ஆள். ஸார்த்தருக்கு முதல் பாதி மட்டும் தெரிந்திருக்கிறது என்று சொன்னால் அதிகப்பிரசங்கித்தனமாகப் படலாம். அவர் சொல்லும் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் அது க்யூவின் சாரம் என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. பஸ்களைக் கூட்டாமல் விட்ட ஒரு ஸ்தாபனத்தின் முடிவை, மனித உறவின் அமைப்பு என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

இவான் இலிச்சின் வாதம் வேறு பக்கத்திலிருந்து வருவது. எரிசக்தியையும் சமத்துவத்தையும் பற்றி அவர் எழுதிய சிறு புத்தகம் 1974இல் வெளிவந்தது. ஒரு சராசரி அமெரிக்கன் வருஷத்துக்கு 1,600 மணி நேரத்தைக் காருக்குக் கொடுக்கிறான் என்கிறார். ஓட்டுகிற நேரம் மட்டுமல்ல, காருக்காகச் சம்பாதிக்கிற நேரமும் அதில் அடக்கம். அதற்குப் பதிலாக 7,500 மைல் போகிறான். வகுத்தால் மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு. இதை நம் ஊருக்குப் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. வாகனக் கடன் மேஜையில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவனுக்கு அந்த எண்கள் மனப்பாடம். மாதம் 60,000 ரூபாய் சம்பளம். 200 மணி நேர வேலை. கார்க் கடனுக்குத் தவணை 15,000. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், லிட்டர் சுமார் 100 ரூபாய் என்ற கணக்கில், பெட்ரோலுக்கு 6,700. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் என்று 2,300. மொத்தம் 24,000, சம்பளத்தில் நூற்றுக்கு 40. அதாவது 80 மணி நேர உழைப்பு. மணிக்கு 20 கிலோமீட்டரில் 1,000 கிலோமீட்டர் ஓட்ட 50 மணி நேரம். கூட்டினால் 130. வகுத்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் சொச்சம். அவனைத் தாண்டிக்கொண்டு சைக்கிள் போய்விடும். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறவரிடம் இதைச் சொல்லியதில்லை. கடன் கொடுப்பதுதான் என் வேலை.

கணக்கு சுவாரஸ்யமாக இருக்கிறது என்பதற்காக இலிச்சோடு கடைசிவரை போக வேண்டியதில்லை. முடிவில் அவர் சைக்கிளிடம் சரணடைகிறார். சைக்கிளை எனக்கும் பிடிக்கும். இடத்தை அடைக்காது, யாரையும் நசுக்காது, சொந்தக் காலில் ஓடும், காற்றடித்தால் போதும். யாருக்கும் கெடுதல் இல்லை. யாரையும் ஏற்றிச் செல்வதும் இல்லை. (சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இந்த வர்ணனை எங்கோ கேட்டதுபோல் இருந்தால் நான் பொறுப்பல்ல.) அதன் ஒழுக்கம் தன்னிறைவின் ஒழுக்கம், அதிலேயே அதன் போதாமையும் இருக்கிறது. அமர்த்யா சென் 1985இல் பண்டங்களையும் ஆற்றல்களையும் பற்றி எழுதியபோது சைக்கிளைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டார். சைக்கிள் போக்குவரத்துக்கு உதவுகிற பொருள் என்பது எல்லோருக்கும் பொது. ஆனால் கால் விளங்காதவனுக்கு அது அந்த உதவியைச் செய்வதில்லை. பொருள் இருப்பது ஒன்று, அதைக் கொண்டு ஒருவர் என்ன செய்ய முடிகிறது, என்னவாக இருக்க முடிகிறது என்பது வேறொன்று. முழங்கால் வலி உள்ள அம்மாவையும், இடுப்பில் குழந்தையோடு நிற்கிறவளையும், சித்திரை மாத வெயிலையும் இலிச்சின் வகுத்தலில் நான் தேடிப் பார்த்தேன்.

அதற்காகச் சைக்கிளைத் தள்ளிவிட முடியாது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது, பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பிஹார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017இல் வெளியிட்ட கட்டுரை, உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை நூற்றுக்கு 32 கூடியதென்று சொல்கிறது. அதிலும் முக்கியம், பலன் பெரும்பாலும் பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான். பள்ளிக்கூடம் இருந்த இடத்திலேயே இருந்தது. மாறியது எட்டும் தூரம்.

இந்த விஷயத்தில் நம் இலக்கிய விமர்சனமும் குருடாகவே இருந்திருக்கிறது. ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. அதையொட்டி எழுந்த கூச்சல், கற்பு, தாய் தலையில் ஊற்றிய தண்ணீர், புராண அகலிகை, பெண்ணின் மனம் உடன்பட்டதா இல்லையா என்ற ஆராய்ச்சி எல்லாம் நமக்குப் பரிச்சயமானவை. நான் படித்தவரையில் யாரும் பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. கதை எங்கே தொடங்குகிறது? மழை பெய்யும் மாலையில், பெண்கள் கல்லூரி வாசலில் உள்ள பஸ் நிறுத்தத்தில். கூட்டமாக நின்ற பெண்கள் ஒவ்வொருவராக அவரவர் பஸ் வந்து போய்விடுகிறார்கள். அவளுடைய பஸ் வரவில்லை. அவள் தனியாக நிற்கிறாள். அப்போது வருகிறது அந்தப் பெரிய கார்.

ஜெயகாந்தனின் உரத்த குரல் எனக்கு ஒவ்வாதது. அதைப் பல முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த முதல் பக்கத்தில் அவருடைய கண் அவருடைய வாயைவிடக் கூர்மையாக இருக்கிறது. ஒரு ஏழைப் பெண்ணின் எட்டும் தூரம் அரைமணி நேரத்தில் படிப்படியாகச் சுருங்கி, அவள் நிற்கிற அந்த ஒரு அடி நிலமாகிறது. அதே மழையில், அதே தெருவில், கார்காரனின் வட்டம் அப்படியே இருக்கிறது. அந்த வித்தியாசம்தான் கதவைத் திறந்துவிடுகிறது. உடன்பாடு என்று நாம் விவாதிக்கிற விஷயம், அவள் நடந்து போய்விட முடிந்திருந்தால், பஸ் இன்னும் ஐந்து நிமிஷத்தில் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தால், வேறு அர்த்தம் கொண்டிருக்கும். சம்மதத்தின் தத்துவம் பேசுகிறவர்கள் மாற்று வழி இருந்ததா என்று முதலில் கேட்பார்கள். நாமோ அவளுடைய ஆத்மாவைத் துருவிக்கொண்டிருந்தோம்.

இன்னொரு கேள்வி, நேரத்துக்கு என்ன விலை என்பது. ஒரு சாலைக்கோ பாலத்துக்கோ பணம் செலவழிக்கலாமா என்று பார்க்கும்போது, அதனால் மிச்சமாகும் நிமிஷங்களைப் பணமாக்கிக் கூட்டுவது வழக்கம். நிமிஷத்தின் விலையை அதற்கு உரியவன் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறான் என்பதை வைத்துக் கணித்தால், அது அவன் வருமானத்தோடு ஏறும். கார்காரனின் ஒரு நிமிஷம் பஸ்ஸில் போகிறவளின் பல நிமிஷங்களுக்குச் சமமாகிவிடும். பிரிட்டிஷ்காரர்கள் இதன் அசிங்கத்தை உணர்ந்து, வேலைக்குப் போய்வரும் பயணம் முதலியவற்றுக்கு எல்லோருக்கும் ஒரே சராசரி விலையை வைத்துக்கொண்டார்கள். அது ஒரு நாகரிகம். ஆனால் அதுவும் பாதி தூரம்தான். டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் தினக்கூலிக்காரருக்கு அரை நாள் போனால் அன்றைய கூலியே போய்விடும். மாதச் சம்பளக்காரர் அதே அரை நாளுக்கு ஒரு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பார். இருவருடைய நிமிஷத்துக்கும் சந்தை வைக்கும் விலை, அவர்கள் இழப்பதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது.

இதெல்லாம் வெறும் விசாரமாக நின்றுவிடாத ஒரு இடம் சென்னையிலேயே இருக்கிறது. கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே கொண்டுபோய் வைத்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் இது வேகமாக நடந்தது. மையத்திலிருந்து பெரும்பாக்கம் 20 கிலோமீட்டருக்கு மேல். கான்க்ரீட் வீடு, குழாய், மின்சாரம் என்று அரசாங்கத்தின் ஏட்டில் அது லாபம். ஆனால் நதிக்கரைக் குடிசையின் சொத்து ஓலையும் தகரமும் இல்லை. மயிலாப்பூரில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருமுன் திரும்பி நடந்து வந்துவிட முடிந்த அந்த அருகாமைதான் சொத்து. அதற்குப் பட்டா கிடையாது. ஆகவே அதை எடுத்துக்கொண்டபோது நஷ்ட ஈடு என்ற பேச்சும் எழவில்லை. வீட்டின் சதுர அடியை அளந்தவர்கள் வட்டத்தின் சதுர கிலோமீட்டரை அளக்கவில்லை.

2021 மே மாதத்திலிருந்து பெண்கள் நகரப் பஸ்களில் கட்டணமில்லாமல் போகலாம் என்றாயிற்று. அதைக் கேலி செய்த படித்தவர்களை நான் அறிவேன். அவர்களில் ஒருவர்கூட பஸ்ஸில் போகிறவர் இல்லை. கட்டணமும் தூரத்தின் ஒரு பகுதிதான். மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சமாகிறவளுக்கு, முன்பு கட்டுப்படியாகாத ஒரு வேலை இப்போது எட்டுகிறது. அந்த அளவில் இது, மேம்பாலங்களால் ஆகாத ஒரு காரியத்தைச் செய்திருக்கிறது.

ஆனால் இலவசம் சாதாரணக் கட்டண பஸ்ஸில் மட்டும். கட்டணம் அதிகமான பஸ் முதலில் வந்தால் அவள் அதை விட்டுவிட்டு நிற்கிறாள். அதற்குப் பின்னால் வருவதும் அப்படியே இருந்தால் அதையும் விட்டுவிடுகிறாள். பணத்தில் கொடுக்காததை நிமிஷத்தில் கொடுக்கிறாள். மேலே போட்ட கணக்கை இங்கே வைத்துப் பார்க்கலாம். அதே அரைமணியில் காத்திருப்பு 10 நிமிஷத்திலிருந்து 15 ஆனால், மிச்சம் 5 நிமிஷம், ஒன்றேகால் கிலோமீட்டர், ஐந்து சதுர கிலோமீட்டர்கூட இல்லை. வரைபடம் போடுகிறவர்கள் அவளுடைய நிறுத்தத்துக்கு எதிரே எல்லாப் பஸ்களையும் கூட்டி ஒரு எண் எழுதுகிறார்கள். அவள் ஏறக்கூடிய பஸ்களை மட்டும் எண்ணி, அதுவும் இரவு ஒன்பது மணிக்கு எண்ணி, ஒரு வரைபடம் போட்டால் பெரும்பாக்கம் அதில் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை.